நெட்டை திரும்பி வந்த கடைசிப் பாகம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதிலும் பாதி வருஷம் அம்மை வார்த்துப் படுத்திருந்தேன், எழுத்து மண்டையில் ஏறவே இல்லை. ஆனாலும் அச்சில் வந்த ஒரு புத்தகத்தில் மூன்று வரி என்னுடையது. எங்கள் தெருவில் இன்றைக்கு எவ்வளவோ படித்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடு போய் வந்தவர்களும் உண்டு. அவர்களில் யாருக்காவது அப்படி ஒரு வரி இருக்கிறதா என்றால் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெருமையோடுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

புத்தகம் என் சித்தப்பா எழுதியது. அப்பாவும் அவரும் மில்லில் ஒரே பிரிவில் நூல் நூற்கும் மிஷின் ஓட்டினார்கள். மிஷினில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதுதான் வேலை. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும் அவருடையவை. பெட்டி நிறைய வானத்தைப் பற்றிய புத்தகம். சிலது தமிழ், சிலது பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அதனால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவருக்குத் தெரியும்.

அவர் எழுதியது வானத்தில் போகும் ஒரு கப்பலின் கதை. நான்கு பாகம். ஒவ்வொரு பாகமும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் புத்தகம். பெயர்தான் கப்பலே தவிர அது அப்படியே எங்கள் மில்தான். அதிலும் மூன்று ஷிப்டு. ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதும். மேலே கண்ணாடி அறைக்குள் ஒரு முசியே, அதாவது துரை, உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கப்பலில் போகிறவர்கள் எல்லாரும் சித்தப்பாவின் பிரிவில் வேலை செய்தவர்கள். மில்லில் கூப்பிடும் பட்டப்பெயரே கதையிலும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் ஒருவர், அவரை எல்லாரும் சொல்தா என்பார்கள். பட்டாளத்துக்காரன் என்று அர்த்தம். கதையில் தனக்குத் துப்பாக்கி இல்லை என்று அவருக்கு ஒரே குறை.

"ஒரு துப்பாக்கியாவது குடுக்கக் கூடாதாப்பா?"

"யாரச் சுடப் போற? அங்க ஆளே கெடையாது."

"சும்மா தோள்ல மாட்டிக்கினு நிப்பேன்."

பிரிவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தங்கள் பெயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு சாப்பிடுவார்களாம். பெயர் வந்தவர் அன்று முழுக்கக் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாராம்.

மூன்றாம் பாகத்தில்தான் வினை வந்தது. எங்கள் எதிர் வீட்டில் என் அத்தை, அதாவது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அவள் வீட்டுக்காரரான மாமாவும் அதே பிரிவுதான். நல்ல உயரம். மில்லில் அவருக்கு நெட்டை என்று பெயர். மூன்றாம் பாகத்தின் முடிவில் கப்பலுக்கு வெளியே ஒரு கம்பி அறுந்துபோகிறது. அதை ஒட்டுவதற்கு நெட்டை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போகிறார். ஒட்டிவிட்டுத் திரும்பும்போது கயிறு அறுந்துவிடுகிறது. நெட்டை கையை ஆட்டுகிறார். கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. நெட்டை சிறிதாகிக்கொண்டே போகிறார். அப்புறம் எது நட்சத்திரம், எது நெட்டை என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தோடு பாகம் முடிந்தது.

மறுநாள் காலையில் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டா, கப்பல்ல இத்தன பேரு இருக்கானுங்க. ஒனக்கு எம் புருசன்தான் கெடச்சாரா சாவடிக்க?"

"அக்கா, அது கத."

"கதன்னா உம் பேரப் போட்டு நீ சாவேன்."

"நான் கப்பல்லயே இல்லியேக்கா."

"அதாண்டா. நீ பத்திரமா கீழ ஒக்காந்துக்கினு எழுதுற."

எதிர் வீட்டு வாசலில் மாமா பல் விளக்கிக்கொண்டே சிரித்தார். "வுடுடி. செத்தவன் வேலைக்குப் போவ வேணாம். இன்னிக்கி லீவு" என்றார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த இருமல் அவருக்கு முன்பே இருந்தது. பிரிவில் எல்லாருக்கும் இருந்தது. வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசியைக் குடித்த நெஞ்சு. எங்கள் தெருவில் காலையில் காக்கைச் சத்தத்துக்கு முன்னால் இருமல் சத்தம்தான் கேட்கும். ஆனால் அந்த வருஷம் மாமாவின் இருமல் வேறு மாதிரி ஆனது. நடந்தால் மூச்சு வாங்கியது. அத்தை கணக்குப் போட்டுப் பார்த்தாள்: புத்தகம் வந்தது தை மாதம், மாமா படுத்தது பங்குனி. அவளைப் பொறுத்தவரை வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே சமயத்தில் மில்லுக்குப் பூட்டுப் போட்டார்கள். கேஸ் நடந்தது. ஆண்கள் தினமும் குளித்து, சட்டை போட்டு, மில் வாசலுக்கு எதிரே இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அப்போது தானாகவே நின்றுபோனது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்று சொல்லவும் ஆளில்லை.

சித்தப்பா நான்காம் பாகத்தை எழுத ஆரம்பித்தார். இதுதான் கடைசி, இதோடு கதை முடிந்தது என்று சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன அச்சகத்தில் அடித்தார்கள். அங்கே ஈய எழுத்துகள் குறைவு. எட்டுப் பக்கம் கோத்து அடித்து, அந்த எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோக்க முடியும். அதனால் சித்தப்பா எட்டுப் பக்கத்துக்கு ஆகிறமாதிரி எழுதி என்னிடம் கொடுத்தனுப்புவார். அவர்கள் மாதிரித்தாள் அடித்துத் தருவார்கள். அதை நான் கொண்டுவருவேன். சித்தப்பா பென்சிலால் திருத்துவார். திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுத்துக் கோக்கிறவர் எனக்குத் தபால் என்றே பெயர் வைத்துவிட்டார்.

எனக்கு எழுத்துதான் வராதே தவிர ஞாபகம் உண்டு. அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சித்தப்பா தாளைக் கொடுத்த பிறகு ஏதாவது மாற்றத் தோன்றினால் என் வாயில் சொல்லி அனுப்புவார். "மூணாம் பக்கத்துல மணி எட்டுன்னு இருக்குறத ஆறுன்னு மாத்தச் சொல்லு." வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போய் ஒப்பிப்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எழுத்துக் கோக்கிறவரும் நான் சொன்னால் மறு பேச்சில்லாமல் மாற்றிவிடுவார்.

போகும் வழியில் மரத்தடியில் இருப்பவர்கள் என்னை நிறுத்துவார்கள்.

"பாப்பா, கப்பல் எறங்குச்சா?"

"இன்னும் இல்ல."

"எங்க எறக்கப் போறாராம்?"

கடல் தண்ணீர் ஏறி வரும் நோணாங்குப்பம் கழியில் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் அங்கே பெரிய சண்டையே வந்தது. அவ்வளவு பெரிய கப்பலுக்கு அங்கே ஆழம் போதாது என்று ஒருவர். மழைக்காலத்தில் இறக்கினால் போதும் என்று இன்னொருவர். கப்பலில் பத்து வருஷம் ஆனால் பூமியில் நூறு வருஷம் ஆகியிருக்கும் என்று சித்தப்பா எழுதியிருந்ததைச் சொல்தா விளக்கினார். 

"நூறு வருசமா? அப்ப நம்ம கேசு முடிஞ்சிருக்கும்ல?" என்று ஒருவர் கேட்டார்.

"வாய்தா வாங்கியிருப்பானுங்க" என்றார் சொல்தா.

ஆடி மாதம் மாமாவால் எழுந்து உட்காரவும் முடியாமல் போயிற்று. கடைசி எட்டுப் பக்கம்தான் பாக்கி. அத்தை மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை சண்டைக்கு வரவில்லை. சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, இதான் கடைசியாமே. இதுக்கு மேல எழுத மாட்டியாமே."

"ஆமாக்கா."

"அப்ப அவர உள்ள இட்டாந்துடு."

சித்தப்பா பேனாவை மூடி வைத்தார். "அக்கா, அது காத்து இல்லாத எடம். மூணு நிமிசம் தாங்காது. நானே எழுதிட்டேன்."

"நீ எழுதினதுதான? நீயே மாத்து."

"மாத்தினா அது விஞ்ஞானக் கத ஆவாது. மாயாஜாலம் ஆயிடும்."

"எதுவோ ஒண்ணு ஆவட்டும். ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

அவருக்குக் குறைந்துவிடும் என்பது எனக்கே தெரியும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தும் வாத்தியார் ஒருவர் மூன்று பாகத்தையும் படித்திருந்தார். மில்லில் வேலை செய்கிறவர் எழுதியது, ஓர் இடத்திலும் தப்பு இல்லை, நெட்டையை வெளியே விட்ட இடம் ஒன்று போதும் என்று சொல்லிச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சித்தப்பா அந்தக் கையை எங்களுக்கெல்லாம் காட்டினார். கடைசிப் பாகத்தின் முதல் பிரதியை அவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியும் வந்திருந்தார்.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டார்.

அத்தை எழுந்தாள். "சரி. ஒன் சயின்சு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்துக் கடைசிப் பக்கங்களை என்னிடம் கொடுத்தார் சித்தப்பா. கூடவே ஒரு வாய்ச்செய்தி: கடைசிப் பக்கத்தில் கடல் என்று இருப்பதைக் கழி என்று மாற்ற வேண்டும். நான் வெளியே வந்தபோது எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தை மாமாவைத் தன் மேல் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரமான மனிதர் அவள் மடியில் சின்னப் பிள்ளை மாதிரி மடிந்து கிடந்தார். அத்தை என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அச்சகத்தில் கடலைக் கழியாக்கச் சொன்னேன். எழுத்துக் கோக்கிறவர் குறித்துக்கொண்டார். "அப்பறம்?" என்றார். எப்போதும் கேட்பதுதான்.

"அப்பறம் கப்பல் எறங்கறதுக்கு முன்னால மூணு வரி சேக்கச் சொன்னாரு."

"சொல்லு."

நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை. கோயிலில் பாட்டுச் சொல்வது மாதிரி வந்தது.

அவர் கை எழுத்துப் பெட்டிமேல் நின்றது. "ஒங்க சித்தப்பாவா சொன்னாரு?"

"ஆமா."

"செத்தவன் எப்படிம்மா?"

"சாவல. வால்ல மாட்டிக்கினு இருந்தாராம்."

"முள்ளுல சேல மாட்டற மாதிரியா?"

"ஆமா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோக்கத் தொடங்கினார். "எனக்கும் அவன அங்க வுட்டது மனசு ஒப்பல" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார்.

என் மூன்று வரி இதுதான்: கப்பலின் வாலில் ஏதோ அசைந்தது. நெட்டை அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இழுத்துப் போட்டதும் கண் விழித்து, எனக்கு எந்த ஷிப்டு என்று கேட்டார்.

மறுநாள் மாதிரித்தாளைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். பென்சில் வரிவரியாக இறங்கி வந்தது. ஓர் இடத்தில் நின்றது. எந்த இடம் என்று எழுத்துத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், பக்கத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. எதிர் வீட்டில் மாமா இருமினார். அது நிற்கும் வரைக்கும் பென்சில் அசையவில்லை. பிறகு அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினார். "குடுத்துட்டு வா" என்றார்.

அவர் கவனிக்கவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். தன் கதையில் ஒரு கமா மாறினாலும் கண்டுபிடிக்கும் மனிதர் மூன்று வரியைக் கவனிக்காமல் விடுவாரா என்று எனக்குத் தோன்றியது எத்தனையோ வருஷம் கழித்துத்தான்.

புத்தகம் வந்த அன்று மரத்தடியில் சொல்தா படித்தார். பட்டாளத்துக் குரல், தெருமுனை வரை கேட்கும். வால் அசைந்த இடம் வந்ததும் எல்லாரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்த ஷிப்டு என்று நெட்டை கேட்டதும் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூட்டின மில்லின் எதிரே உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்தா அந்த மூன்று வரியை இரண்டாம் முறையும் படித்தார்.

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை கையில் சர்க்கரையோடு வந்து என் வாயில் போட்டாள். சித்தப்பா வீடு திரும்பியதும் அவர் கையிலும் கொட்டினாள். "தம்பி, இந்தக் கை நல்லா இருக்கணும்" என்றாள். சித்தப்பா சர்க்கரையைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வாத்தியாருக்கு முதல் பிரதியைக் கொடுத்துச் சில நாள் கழித்து, அவர் வீட்டுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார் சித்தப்பா. வாத்தியார் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். மூன்று வரிக்கும் கீழே சிவப்புக் கோடு.

"இது அச்சகத்தார் செய்த தப்பா?" என்று கேட்டார்.

நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல முசியே. நான்தான்" என்றார் சித்தப்பா.

வாத்தியார் புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்துவிட்டார். காப்பி கொடுத்தார்கள். வேறு எதைப் பற்றியோ பேசினார்கள். வரும் வழியில் சித்தப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவும் இல்லை. கதைதான் முடிந்துவிட்டதே, அதனால் எழுதவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்த அன்று மாலையே அத்தை என்னை மாமாவிடம் அனுப்பியிருந்தாள். "நீயே போய்ப் படிச்சிக் காட்டு. சந்தோசப்படுவாரு" என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மனசில் இருந்ததைப் படிக்கிற மாதிரி சொன்னேன். அத்தை அடுப்படியில் இருந்தாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"யாரு எழுதினது இத?"

"சித்தப்பா."

"அவன் எழுத மாட்டான்." மூச்சு வாங்கிக்கொண்டார். சத்தம் அடுப்படிக்குப் போகாமல் பேசினார். "நான் சொல்லித்தான அவன் என்ன வெளிய வுட்டான். ஒரு நாளு சாப்பாட்டு நேரத்துல கேட்டேன், கப்பலுக்கு வெளிய போனா இன்னா சத்தம் கேக்கும்னு. ஒரு சத்தமும் கேக்காதுன்னான். பஞ்சு பறக்குமான்னேன். அங்க தூசியே கெடையாதுன்னான். அப்ப என்ன அங்க வுட்டுடுடான்னேன். ஒங்கத்தைக்குச் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

"இப்ப உள்ள வந்துட்டீங்க மாமா" என்றேன். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அதைச் சொன்னேன்.

"ஆமா. வந்துட்டேன்." சிரித்தார், இருமல் வந்தது. நான் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். "எந்த ஷிப்டாம்?"

"அது எழுதல மாமா."

"காலையாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு நீளமான உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். அத்தை அழுது முடித்த பிறகு, வந்தவர்களிடமெல்லாம் புத்தகத்தில் அவர் இருக்கிறார், என் தம்பி கொண்டுவந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாமா போன துக்கம் எனக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கோபம் இருந்தது, அவர்மேல். மரத்தடியில் அத்தனை பேர் இரண்டு முறை கேட்டுச் சிரித்த என்னுடைய மூன்று வரியை, நல்லா இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.